மேலே வர மறுத்த பாசி

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் 'பாசியம்மா'. ஆளுயரக் கண்ணாடிக் குழாயில் கடல்நீரை நிரப்பி, தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளை வளர்த்துவந்தாள். மங்கலான நீல வெளிச்சம் காட்டினால் அவை நீந்தி மேலே வந்து பழுப்பு மேகமாகத் திரளும். வெளிச்சம் உறைத்தால் அடியாழத்துக்கு ஓடிவிடும். எது போதும், எது ஆபத்து என்று மூளையே இல்லாத ஓர் உயிர் எப்படிக் கண்டுகொள்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

நிதி ஒதுக்கும் வாரியத்தின் தலைவர் வருகிறார் என்றதும் இயக்குநருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்னம்மா, பேய் வீடு மாதிரி இருட்டா வச்சிருக்கீங்க? போட்டோ எப்படி விழும்?" என்றவர், சினிமா எடுக்கிறவர்களுடைய பெரிய விளக்குகளை வாடகைக்குப் பிடித்துவந்து குழாயைச் சுற்றி நிறுத்தினார். அடியில் அழகுக்குப் பூந்தொட்டிகள் வேறு.

"சார், இவ்ளோ வெளிச்சம் அடிச்சா அதுங்க கீழ போயிடும்."

"தலைவர் வர்றார்னு சொல்லுங்க. போகாது."

பாசிகள் இயக்குநரை மதிக்கவில்லை. தலைவர் மாலையும் கழுத்துமாக உள்ளே நுழைந்தபோது ஒன்றுவிடாமல் பூந்தொட்டிகளுக்குப் பின்னால் போய்ப் பதுங்கியிருந்தன.

தலைவர் குனிந்து பார்த்தார். "அடடா, தண்ணி பளிங்கு மாதிரி இருக்கே! எப்படிச் சுத்தம் பண்ணீங்க?"

"எல்லாம் பாசிதான் சார்! அழுக்கை அப்படியே தின்னுடும்" என்று இயக்குநர் முந்திக்கொண்டார்.

பாசியம்மாவுக்குச் சுருக்கென்றது. "இல்ல சார். வெளிச்சத்துக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கு. தொட்டிய நகர்த்தினா தெரியும்."

"எவ்ளோ அடக்கம் பாருங்க! தன் சாதனைய ஒத்துக்கவே மாட்டேங்கிறாங்க" என்று தலைவர் கைதட்டினார். கூட்டமே தட்டியது. நீர்த் தூய்மைப் பிரிவு ஒன்று அங்கேயே உதயமானது. தலைமை அவளுக்கு.

"வேற என்ன வேணும், கேளுங்கம்மா."

அவள் பெருமூச்சு விட்டாள். உண்மை செல்லுபடியாகாத இடத்தில் கேட்டதாவது கிடைக்கட்டும். "ஜன்னலுக்கெல்லாம் கனமான கறுப்புத் திரை, சார்."

"தண்ணி சுத்தம் பண்ணத் திரை எதுக்கு?"

அவள் இயக்குநரைப் பார்த்தாள். அவர் அவசரமாக இடையில் புகுந்தார். "அது... ரகசியத் தொழில்நுட்பம், சார்."

திரை வந்தது. வாசலில் 'நீர்த் தூய்மைப் பிரிவு' என்று புதுப் பலகையும் ஏறியது. சோதனைக்கு வந்த அதிகாரிகள் இருட்டைப் பார்த்து, ஆளில்லை என்று திரும்பிப்போனார்கள். உள்ளே மங்கலான நீல வெளிச்சத்தில் பாசிகள் நிம்மதியாக மேலே வந்தன. அவளுடைய ஆராய்ச்சியும் தடையில்லாமல் நடந்தது. அந்தப் பலகையைப் படிக்கத்தான் கூசியது. அவள் பின்வாசல் வழியாக வந்துபோகப் பழகிக்கொண்டாள்.