ஆறு குமிழ்க் கல்

படித்தவர்களை நான் நம்புவதில்லை. கையில் பேனாவோடு எவன் வந்தாலும் வீட்டிலிருந்து எதையோ கொண்டுபோகத்தான் வருகிறான் என்று நினைப்பவன் நான். இந்தத் தடவை போனது ஒரு கல். தூக்கிக் கொடுத்ததே நான்தான், அதனால் யாரையும் திட்ட எனக்கு வாயில்லை.

பள்ளம் வெட்டுவது என் தொழிலாக இருந்தது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டிக்கொண்டிருந்தபோது, இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டி எதிலோ இடித்தது. எடுத்துக் கழுவினால் ஓர் உருண்டைக் கல். ஆரஞ்சுப் பழம் அளவு இருக்கும். சுற்றிலும் ஆறு குமிழ்கள், அச்சில் வார்த்த மாதிரி. எவனோ மாதக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கியிருக்கிறான். எதற்கு என்றுதான் பிடிபடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் பெண்டாட்டி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கதவுக்கு அண்டைகொடுக்கக்கூட லாயக்கில்லை என்று தையல் மெஷினுக்கு அடியில் உருட்டிவிட்டாள்.

அவள் தையல்காரி. வீட்டு முன்னறைதான் கடை. நாள் முழுக்க மிதித்து மிதித்து வலது குதிகாலில் அவளுக்குத் தீராத வலி. ஒருநாள் தற்செயலாகக் கால் அந்தக் கல்மேல் பட்டது. இரண்டு குமிழ்களுக்கு நடுவே இருந்த பள்ளத்தில் குதிகால் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து ஒரு சட்டை தைத்தால் ஐந்து நிமிஷம் எண்ணெய் தடவிய குதிகாலைக் கல்மேல் உருட்டுவாள். பிறகு அடுத்த சட்டை. முப்பத்தோரு வருஷமும் இப்படித்தான் ஓடியது.

இந்த வருஷம் ஒரு பெண் கோட்டின் உள்துணி கிழிந்துவிட்டது என்று மாற்றக் கொண்டுவந்தாள். கீழே விழுந்த பொத்தானை எடுக்கக் குனிந்தவள் நிமிரவே இல்லை. மயக்கம் போட்டுவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தேன். இரண்டு கையிலும் கல்லை ஏந்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

மியூசியத்தில் வேலையாம். கல்லுக்கு ஐயாயிரம் வயது இருக்குமாம். இதைப் போல அங்கங்கே சில கிடைத்திருக்கின்றன, எதற்குச் செய்தார்கள் என்பதில் பெரிய பெரிய ஆட்கள் இன்றைக்கும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்றாள். பிறகு கேட்டாள்:

"ஐயா, இதை நீங்க எதுக்காவது பயன்படுத்தினீங்களா?"

ஐயாயிரம் வருஷத்துச் சாமானைக் காலால் உருட்டினோம் என்று சொன்னால் எந்தச் சட்டத்தில் பிடித்துப் போடுவார்களோ.

"தொட்டதே இல்லம்மா. கொண்டுவந்து போட்ட இடத்துலயே கிடக்கு" என்றேன்.

என் பெண்டாட்டி வாயைத் திறந்தாள். நான் முறைத்தேன். அவள் குண்டூசி இரண்டை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டு துணிப்பக்கம் திரும்பிவிட்டாள்.

மறுநாள் அந்தப் பெண் இரண்டு தாள்கள் கொண்டுவந்தாள். கல்லை ஆராய்ச்சிக்குக் கொண்டுபோகக் கையெழுத்து வேண்டும் என்று ஏதேதோ விளக்கினாள். நான் அவள் பையைக் கவனித்துக்கொண்டிருந்ததால் பதினைந்து நாள் என்றது தவிர எதுவும் காதில் ஏறவில்லை. ஒரு தாள் மருந்துச் சீட்டு மாதிரி மெல்லிசு. இன்னொன்று கெட்டி, அடியில் வட்ட முத்திரை. நம்மை ஏமாற்ற நினைப்பவன் மெல்லிசைத்தானே நீட்டுவான்? கெட்டியில் கையெழுத்துப் போட்டேன். "இதுதானா ஐயா? நிச்சயமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. தன் தந்திரம் பலிக்காத ஏமாற்றம் என்று நினைத்துக்கொண்டு கல்லைத் தூக்கிக் கொடுத்தேன்.

பதினைந்து நாள் கழித்துக் கல்லைக் கேட்டுப் போன் செய்தேன். மெல்லிசுத் தாள் பதினைந்து நாள் இரவலுக்காம். கெட்டித் தாள் காலத்துக்கும் அன்பளிப்பாம்.

என் பெண்டாட்டி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தைத்துக்கொண்டே இருப்பாள், பாதியில் நிறுத்திக் காலைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். கண்ணாடி பாட்டில் வாங்கி வைத்தேன், வழுக்கியது. மர உருளை வைத்தேன், மறுநாள் வலி கூடியது. டென்னிஸ் பந்து வாங்கிவந்தேன்.

"நான் என்ன நாயா?" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. தைக்க வேண்டிய துணி அலமாரியில் குவிந்தது. அந்தப் பெண்ணின் கோட்டும் கொக்கியிலேயே தொங்கியது. கேட்டு வர அவளுக்குக் கூச்சம், கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனசில்லை.

இரண்டு மாதம் கழித்து அழைப்பு வந்தது. மியூசியத்தில் கல்லைப் பற்றிக் கூட்டம், கண்டெடுத்தவர் வர வேண்டும் என்று. போனோம். நூறு நாற்காலி, நூறிலும் ஆள். முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் மாப்பிள்ளை மாதிரி நம் கல். என் பெண்டாட்டி குனிந்து பார்த்து, இளைத்துவிட்டது என்றாள்.

மேடையில் இரண்டு பேராசிரியர்கள். ஒருவர் நெட்டை. இன்னொருவர் மூக்குக்கண்ணாடி போட்ட அம்மா. இந்த மாதிரிக் கல் எதற்கு என்பதில் இருபது வருஷமாக இருவருக்கும் ஆகாதாம். இந்தக் கல் வழக்கைத் தீர்த்துவிடும் என்று இருவருமே நம்பினார்கள். காரணம், மற்றக் கற்களில் இல்லாத ஒன்று இதில் இருந்ததாம்: ஒரு பள்ளத்தில் மட்டும் பளபளப்பு, அதில் எண்ணெய்ப் பிசுக்கு. அதைப் படம் எடுத்து ஆள் உயரத்துக்குச் சுவரில் காட்டினார்கள்.

தோல்வாரைக் கட்டி மிருகத்தின் காலைப் பார்த்து வீசியிருக்கிறார்கள் என்றார் நெட்டை. வார் உரசிய பளபளப்பு, தோலுக்குப் போட்ட எண்ணெய். அந்த அம்மா விடவில்லை. சபையில் யார் கையில் இந்தக் கல் இருக்கிறதோ அவருக்குத்தான் பேச உரிமை, நூறு தலைமுறை உள்ளங்கை பட்ட பளபளப்பு, பக்தியோடு பூசிய எண்ணெய். கண்டெடுத்த பிறகு யாரும் தொடாமல் காப்பாற்றிய பெரியவர் இதோ என்று இருவரும் என்னைக் காட்டினார்கள். அந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமை. சபை கைதட்டியது.

என் பெண்டாட்டி முழங்கையால் இடித்தாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

எழுந்தேன். பள்ளத்தில் மண் சரிந்து கழுத்துவரை மூடியபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை.

"அந்த எண்ணெய் எங்க வீட்டு எண்ணெய்ங்க. அந்தப் பளபளப்பு இவ குதிகால். அன்னைக்குப் பயந்துபோய்ப் பொய் சொல்லிட்டேன்."

நெட்டை மைக்கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஆதாரம் என்றார். அதற்குள் என் பெண்டாட்டி செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போய்விட்டாள். அந்தக் கோட்டுப் பெண்தான் கையுறை போட்டுக் கல்லை எடுத்து, தரையில் துணி விரித்து வைத்தாள். குதிகால் இறங்கியது. மூடி டப்பாவில் பொருந்துகிற மாதிரி கச்சிதம். அந்த அம்மா மண்டியிட்டுப் பக்கத்தில் மைக்கோடு குனிந்தாள்.

"அப்பாடா" என்றாள் என் பெண்டாட்டி.

அந்த அப்பாடா நாலு ஒலிபெருக்கியிலும் கேட்டது. முதலில் சிரித்தது அந்த அம்மாதான். தரையிலேயே உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். நெட்டைக்கும் தாங்கவில்லை. பிறகு நூறு நாற்காலியும் சேர்ந்துகொண்டது. இருவரும் ஒரே குதிகாலில் தோற்றதால் யாருக்கும் மானம் போகவில்லை.

அப்படியானால் அந்தக் காலத்திலும் குதிகால் வலிக்குத்தானோ என்றார் நெட்டை. அதற்கு ஆறு குமிழ் எதற்கு என்று அந்த அம்மா உடனே மடக்கினாள்.

"வீட்டுல ஆறு பேர் இருந்திருப்பாங்க" என்றாள் என் பெண்டாட்டி.

அவர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் கல்லைத் திருப்பிக் கேட்டேன். முடியாதாம். முத்திரை போட்ட தாளை அவர்களே நினைத்தாலும் மாற்ற முடியாதாம். எதை நம்பி அதில் கையெழுத்துப் போட்டேனோ, அதுவே திரும்பி என் கழுத்தைப் பிடித்தது. ஆனால் அந்த அம்மா என் பெண்டாட்டியிடம் சொல்ல யோசனை ஒன்று வைத்திருந்தாள்.

"உங்க பளபளப்பைக் கழிச்சாத்தானே அம்மா, அந்தக் காலத்து ஆளுங்க பளபளப்பு தெரியும்" என்றாள்.

அதே ஜாதிக் கல்லில் அதே அளவில் புதிதாக ஒன்று செதுக்கித் தருவார்கள். இவள் எண்ணெய் தடவி வழக்கம்போல உருட்ட வேண்டும். வருஷம் ஒரு தடவை வந்து எவ்வளவு தேய்ந்தது என்று படம் எடுப்பார்கள். முப்பத்தோரு வருஷம் செய்ததற்கு இப்போது ஆராய்ச்சி என்று பெயர்.

கல்லறைக்குக் கல் வெட்டுகிறவர் ஆறு வாரத்தில் செதுக்கிக் கொடுத்தார். கோட்டுப் பெண் பெட்டியில் கொண்டுவந்தாள். கூடவே இரண்டு தாள்கள், ஒன்று மெல்லிசு, ஒன்று கெட்டி. நான் என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். என் பெண்டாட்டி இரண்டையும் வரிவரியாகப் படித்தாள். மெல்லிசில் கல் இவளிடம் இரவல், கெட்டியில் தேய்ந்த பிறகு மியூசியத்துக்கு அன்பளிப்பு. கல் இந்த வீட்டை விட்டு வெளியே போகாது, பார்க்க வேண்டியவர்கள் இங்கே வரட்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி, மெல்லிசில் கையெழுத்துப் போட்டாள்.

கல்லை மெஷினுக்கு அடியில் வைத்துக் குதிகாலை இறக்கினாள். முகத்தைச் சுளித்தாள்.

"கரகரன்னு இருக்கு. பழசு மாதிரி ஆக இன்னும் முப்பது வருஷம் ஆகும்."

"ஆகட்டும்" என்றேன். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், நாலு மாதத்துக்குப் பிறகு. எண்ணெயை எடுத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிஷம் உருட்டினாள். பிறகு அந்தப் பெண்ணைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கொக்கியிலிருந்து கோட்டை இறக்கி மெஷினில் வைத்தாள்.