உப்புத் தண்ணியில் ஊறிய குரல்

அரிபிரசாத் திண்டிவனத்தில் பிறந்த பையன்தான். ஆனால் பேசுவதைக் கேட்டால், வேறு ஏதோ கிரகத்திலிருந்து இறங்கி வந்து இங்கே வாடகைக்கு இருப்பவன் மாதிரி இருக்கும். விழுப்புரத்தில் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, சத்தம் வெளியே போகாமலிருக்க மாடி அறைச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, லேப்டாப்பில் ஹிப்ஹாப் பாட்டு செய்துகொண்டிருந்தான். சாதாரண ஹிப்ஹாப் இல்லையாம், சைக்கடெலிக்காம். கேட்கிறவன் மூளைக்குள் கதவு திறக்குமாம். அக்கா சங்கவிக்கு அது கிரைண்டரில் கல் மாட்டிக்கொண்ட சத்தமாகத்தான் கேட்டது.

அந்தக் கதவைத் திறக்க, போன வருஷம் நண்பன் தீனதயாளனோடு போய் ஏதோ போதைக் காளானைத் தின்றான். கிளியனூர் பஸ் ஸ்டாப்பில் குடலே வெளியில் வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். சட்டையை அலசிப் போட்டது சங்கவி. ஐயா இன்டர்நெட்டில் எழுதியதோ, பிரபஞ்சத்தோடு கலந்துவிட்டதாக. பிரபஞ்சம் இப்படியா நாறும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இவனிடம்தான் அந்தக் கேசட்டைக் கொடுத்தாள்.

1993இல் அப்பா ராஜாங்கம் துபாயில் இருந்தார். அம்மா தேவகிக்கு எழுத வராது. அப்போது பல வீடுகளில் செய்ததைப் போல டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பேசி, துபாய்க்குப் போகிற யாரிடமாவது கேசட்டைக் கொடுத்தனுப்பினாள். பொத்தானை அமுக்கிவிட்டது சின்னப் பெண் சங்கவி. அரி அப்போது அம்மா வயிற்றில். அவன் தவழ ஆரம்பிக்கும் முன்பே அம்மா இறந்துபோனாள். கேசட்டைத் துபாயிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த அப்பாவும் பிறகு போய்விட்டார்.

அதில் ஒரு பக்கம் முழுக்க, பிறக்கப்போகிற பிள்ளையைப் பற்றித்தான் பேச்சு. சங்கவிக்கு அது மனப்பாடம். ஆனாலும் தம்பியிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அம்மா வாயாலேயே அவன் கேட்கட்டும் என்றிருந்தாள். வீட்டு டேப் ரெக்கார்டர் என்றைக்கோ கெட்டுவிட்டது. இவனிடம்தான் மிஷினெல்லாம் இருக்கிறதே, கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவான் என்று நம்பினாள்.

ஒருநாள் அவனே மாடிக்குக் கூப்பிட்டான். தீனதயாளன் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கர் இடி இடித்தது. நடுவில் ஒரு முனகல் இழுத்து இழுத்து வந்தது. ஒரு சொல்கூடப் புரியவில்லை.

"அம்மாதான்கா அது," என்றான் அரி, பெருமையாக. "டேப்ப மரக்காணம் கடல் தண்ணியில ஊறவெச்சி, காயவெச்சி, அப்பறம் கம்ப்யூட்டர்ல ரெக்கார்ட் பண்ணேன். சவுண்டோட டெக்ஸ்சர் எப்பிடி சொரசொரன்னு கீது பாரு."

"ஊறவெக்கிறதுக்கு முன்னாடி காப்பி எடுத்தியா?"

"எடுத்தா அதுல உயிரு இருக்காதுக்கா. போனா வராது, அதான் ஆர்ட்டு."

"செம ட்ரிப்புக்கா, போதையே ஏறுது," என்றான் தீனதயாளன், கண்ணைத் திறக்காமலே.

சங்கவி மேஜை மேல் கிடந்த கேசட்டை எடுத்துப் பார்த்தாள். நாடா கசங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது.

"அம்மா இன்னா பேசிச்சின்னாவது கேட்டியாடா?"

"பேச்சு முக்கியமில்லக்கா. சவுண்டுதான்."

அவள் கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு ஏதோ உறைத்தது. குரல் இறங்கியது.

"அக்கா, என்னப் பத்தி எதுனா சொல்லிச்சா?"

"சொல்லிச்சி."

"இன்னா சொல்லிச்சி?"

"அதான் ஓடிக்கினு கீதே," என்றாள் சங்கவி. "கேட்டுக்கோ."

அவள் படியிறங்கினாள். மேலே பாட்டு நின்றது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.