ஜன்னல் ரப்பர்

நாற்பது லட்சம். கூடத்தில் கிடத்தியிருந்த கணவரின் சட்டைக் கழுத்துப் பொத்தானோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கம்பெனி அதிகாரி அவர் உயிருக்குச் சொன்ன விலை அது. உயிரோடு இருந்தபோதும் அந்தப் பொத்தான் பூட்டியதில்லை. பெருத்த கழுத்து.

"மனிதாபிமான அடிப்படையிலம்மா," அதிகாரி ஒரு தாளை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார். "ஜன்னல்ல டேப் ஒட்டினது அவரேதான். இதுல கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா அந்தப் பேச்சே வராது."

பொய்யில்லை. கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஹெலிகாப்டரில், அவர் பக்கத்து ஜன்னல் வழியே காற்று விசிலடித்தது. தூங்க முடியவில்லை என்று அவளுடைய இரும்புக்கடையிலிருந்தே டேப் எடுத்துப்போய் விளிம்பெல்லாம் ஒட்டினார். ஆபத்தில் இழுத்து ஜன்னலைக் கழற்ற வேண்டிய நாடாவும் டேப்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. முந்தாநாள் ஹெலிகாப்டர் கடலில் இறங்கிக் கவிழ்ந்தபோது, பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் மற்ற ஜன்னல்கள் வழியே வெளியே வந்துவிட்டார்கள்.

கல்லாவிலேயே காலம் கழித்தவள் அவள். விற்கிறவன் அவசரப்பட்டால் சரக்கைத் திருப்பிப் பார்ப்பாள்.

"டேப் ஏன் ஒட்டினார்?"

அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். பதில் வாசலில் நின்ற கொழுந்தனிடமிருந்து வந்தது.

"ஜன்னல் ரப்பர் தேஞ்சு போச்சு அண்ணி. மாத்துங்கன்னு தொண்டை வறளக் கத்தினோம். அடுத்த சர்வீஸ்ல பாக்கலாம்னாங்க. எல்லா வண்டியிலயும் அதே கதிதான்."

அவனுக்கும் அதே மேடையில்தான் வேலை. நாளைக் காலை அவன் குழு பறக்க வேண்டும். குழுவே அவன் பின்னால் நின்றிருந்தது.

"ஐம்பது," என்றார் அதிகாரி.

"நான் இன்னும் பேரமே ஆரம்பிக்கல சார். அதுக்குள்ள நீங்களே ஏத்துறீங்களே?"

வாசலில் யாரோ சிரித்துவிட்டு, சாவு வீடு என்று உறைத்ததும் இருமினார்.

"எனக்குச் சேர வேண்டியதை வக்கீல் வச்சு வாங்கிக்கிறேன். டேப் என் கடைச் சரக்கு. யார் கேட்டாலும் அதையும் நானே சொல்றேன். இப்ப என் விலை ஒண்ணுதான். ரப்பர் மாத்தி, ஒவ்வொரு ஜன்னலையும் கழட்டிக் காட்டுற வரைக்கும் இவங்க யாரும் அதுல ஏறக் கூடாது."

"நாளைக்கு ஆள் போயே ஆகணும்மா!"

"படகு இருக்குல்ல?"

"ஏழு மணி நேரம். குடலே வெளிய வந்துரும்."

"வரட்டும். குடல்தானே?"

குழுவில் கிரேன் ஓட்டுகிறவர் முன்னால் வந்தார். "நாங்க படகுலயே போறோம் சார். ஹெலிகாப்டர் வீணாப் போகுதேன்னா நீங்க போயிட்டு வாங்க. டேப் நான் வாங்கித் தரேன்."

அதிகாரி வாசலில் குவிந்திருந்த செருப்புகளைத் தாண்டிப் போய், போனில் வெகுநேரம் கெஞ்சினார். திரும்பி வந்தவர், "சரிம்மா. படகு," என்றார்.

"எழுதிக் குடுங்க."

அவளிடம் கையெழுத்து வாங்கக் கொண்டுவந்த தாளின் பின்பக்கத்திலேயே எழுதினார். அதைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டு அவள் மறுபடி கணவரின் அருகில் உட்கார்ந்தாள். பொத்தானைத் திறந்தே விட்டாள். சட்டைக் காலரை மட்டும் நீவிச் சரிசெய்தாள்.

மறுநாள் பிற்பகல் கொழுந்தன் மேடையிலிருந்து பேசினான். குரல் கிழிந்து நாராயிருந்தது.

"வந்து சேந்தாச்சு அண்ணி. எங்களைக் கொன்னுட்டீங்க..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எத்தனை பேர் ஏறினீங்க?"

"ஒன்பது."

"இறங்கினது?"

"ஒன்பதும் இறங்கிருச்சு. நடக்கிறதுதான் தள்ளாட்டமா இருக்கு."

"மோர் மாதிரி ஏதாவது குடிச்சுட்டுப் படு," என்று போனை வைத்தாள்.

இன்றைய கணக்கு நேர். முந்தைய பயணத்தில் மட்டும் ஓர் ஆள் நிலுவை.