மூன்று துடிப்பு, ஒரு நிறுத்தம்

கடைசி ஆண் ஈயால் நடக்க முடியவில்லை. சோளமாவும் வெல்லமும் காய்ச்சிய தீனிக் கூழில் அவன் ஒட்டிக்கொள்ளாதிருக்கக் குப்பியைப் படுக்கவைத்திருந்தேன்.

நான்கு வருடங்களாக ஒரு குரோமோசோமைத் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் கடத்திவந்தேன். மகள்களுக்கு அது போகாது. தன் ஜோடிக் குரோமோசோமோடு எதையும் மாற்றிக்கொள்ளாத ஒன்று எப்படிச் சிதைகிறது என்பதுதான் என் ஆய்வு. சிதைந்தது. ஈக்களின் கண்கள் மங்கின. பிறகு கால்கள். பாட்டு மட்டும் மிஞ்சியது.

ஆண் ஈ ஓர் இறக்கையை விரித்து அதிரவைத்துப் பெண்ணுக்குப் பாடும்; பெண் ஈ பாடாது. குப்பிக்குள் மைக் வைத்து ஸ்பீக்கரில் கேட்போம். இந்த வம்சத்தின் பாட்டில் ஒரு நொண்டல் வந்திருந்தது: மூன்று துடிப்பு, ஒரு நிறுத்தம், ஒரு துடிப்பு. வேறெந்த ஈயும் அப்படிப் பாடிக் கேட்டதில்லை.

மற்ற கிளைகள் அற்றுவிட்டன. இவனுக்கு ஒரு மகன் பிறந்தாக வேண்டும். இல்லையென்றால் எல்லாம் அதோடு சரி.

"நுபியா, உன் மாப்பிள்ளை எந்திரிச்சாரா?" பக்கத்து மேசை அர்செசியோ கட்டங்காப்பியோடு வந்தான்.

"பாடுறான். வாயை மூடுடா."

"நிக்கக்கூட முடியல, கல்யாண ஆசையப் பாரு. எங்க மாமாவேதான்."

ஒரு பெண் ஈ அருகில் வந்தது. இணைந்தன. மறுநாள் காலை அவன் ஓர் இறக்கை விரிந்தபடி செத்துக் கிடந்தான்.

பொகோட்டாவில் மழை விடாத வாரத்தில் அவனுடைய பிள்ளைகள் கூட்டிலிருந்து வெளிவந்தன. ஒவ்வொன்றையும் மயக்கி முன்கால்களைப் பார்த்தேன். ஆணென்றால் அங்கே கறுப்புச் சீப்பு இருக்கும்.

"ஒண்ணுகூடவா இல்ல?" அர்செசியோ எட்டிப் பார்த்தான்.

"எல்லாம் பொண்ணுங்க."

அவன் சிரிக்கவில்லை. "சரி, விடு. அழாத. வா, ஏதாவது சாப்பிடலாம்."

மகள்களை அப்பன் இருந்த குப்பியிலேயே விட்டிருந்தேன். ஸ்பீக்கரை அணைக்கக் கை நீட்டினேன்.

மூன்று துடிப்பு. நிறுத்தம். ஒரு துடிப்பு.

"பழைய பதிவப் போட்டியா?"

"இல்லடா."

அவன் மைக் ஒயரைப் பிடுங்கினான். ஓசை நின்றது. செருகினான். தொடங்கியது.

குப்பியில் ஒருத்தி இறக்கையை உயர்த்தியிருந்தாள். அவளை மட்டும் எடுத்து மயக்கி மறுபடி பார்த்தேன். சீப்பு இல்லை. வயிறும் பெண்ணின் வயிறு.

"இவங்களுக்கு அது போகாதுன்னு சொன்னியே?"

"போகாது."

திரும்ப விட்டேன். மயக்கம் தெளிந்து கால் ஊன்றும் முன்பே அவள் இறக்கை எழுந்தது. மற்றவர்கள் ஒவ்வொருத்தியாக அவள் பக்கம் திரும்பி நின்றார்கள்.