மீசை ஸ்டுடியோவுக்கு ஒரு முத்திரை

கணினித் திரையில் முதலில் தெரிந்தது மீசைதான். மேலே ஒரு கேமரா, கீழே இருபுறமும் முறுக்கேறிய மீசை, இரண்டையும் அணைத்தபடி ஒரு வட்டம். முகம் என்று சொல்லிக்கொள்ள வேறெதுவும் இல்லை. வரைந்த டிசைனர் பெண் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, விடைத்தாளை நீட்டிவிட்ட மாணவியைப் போலக் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"அடேங்கப்பா!" என்றான் தம்பி. அவன் கை தானாகவே மூக்குக்குக் கீழே போய், அசல் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று தடவிப் பார்த்தது. "இது நானேதான்! நான் நடந்து வர்ற மாதிரியே இருக்கு."

"மீசை எப்படிடா நடந்து வரும்?" என்றாள் அக்கா.

அக்கா என்பது அவளுக்கு உறவுமுறை மட்டுமன்று. ஊர் அளித்த பட்டமும் அதுவே. அவளைவிட மூத்தவர்களும் அப்படியே அழைத்தார்கள். தம்பிக்கு ஊர் அளித்த பட்டம் மீசை. கடைக்கென்று முறையான பெயர் ஒன்று உண்டு. அது பலகையில் இருந்தது, ரசீதில் இருந்தது, எவர் நாவிலும் இல்லை. மீசை ஸ்டுடியோ எங்கே என்று கேட்டால்தான் எவரும் வழி சொல்வார்கள். ஆனால் அங்கிருந்து வெளியேறிய ஒவ்வொரு படத்தையும் கண்டெடுத்த கண் எவருடைய கண்? அக்காவின் கண். விளக்கை எங்கே நிறுத்துவது, எவர் தாடையை எவ்வளவு தாழ்த்துவது என்று தீர்மானித்த மூளை எவருடைய மூளை? அக்காவின் மூளை. அழுது அடம்பிடிக்கும் குழந்தைக்கு முன்னால், அதன் கண்மட்டத்துக்கு இறங்கி, தரையில் குப்புறப் படுத்த உடம்பும் அவளுடையதே. தம்பியின் துறை பேச்சு. வருகிறவரை வரவேற்பான், வேர்க்கிறவருக்கு விசிறுவான், கல்லாய் நிற்கிறவரையும் ஒரே சொல்லில் சிரிக்க வைப்பான். அந்தச் சிரிப்பை அவள் பிடிப்பாள். இருவரும் சேர்ந்தால்தான் படம். எனினும் வாடிக்கையாளர் விடைபெறும்போது குலுக்கிய கை எப்போதும் தம்பியின் கைதான்.

சந்துக்குள் இருந்த கடை இப்போது பெரிய சாலைக்கு வருகிறது. புதிய கடைக்குப் புதிய பலகை. பலகைக்கு ஒரு முத்திரை. பலகை செய்பவர் மாலைக்குள் வரைபடம் வேண்டும் என்று சொல்லியிருந்தார். உலோகத் தகட்டை வெட்டிய பிறகு ஒரு கோடுகூட மாறாது என்பது அவர் எச்சரிக்கை. வெட்டுகிற தகட்டில் தன் உழைப்பின் அடையாளம் ஏதேனும் இருக்குமா, அல்லது இனி வரும் ஆண்டுகளிலும் அவள் "மீசையோட அக்கா"தானா? அந்தக் கேள்வி அக்காவைக் காலையிலிருந்தே முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"ஏம்மா," என்றாள் டிசைனர் பெண்ணிடம், குரலை அடக்கிக்கொண்டு. "எங்க கடையில போட்டோ எடுக்கறது யாருன்னு நினைச்சு இதை வரைஞ்ச?"

"அண்ணாதானே?" அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க பக்கத்தைப் பாத்துதான் வரைஞ்சேன் அக்கா. நீங்களே பாருங்க."

ஸ்டுடியோவின் இணையப் பக்கம் திறந்தது. ஜன்னலோரம் கேமராவுடன் தம்பி. மொட்டை மாடியில் கேமராவுடன் தம்பி. மரத்தடியில், மழையில், ஏணியின் உச்சியில், கேமராவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உலகத்தின் ஒளியையெல்லாம் ஒற்றைக் கண்ணால் உறிஞ்சப்போகிறவன் போலத் தம்பி.

"எல்லாத்துலயும் அண்ணாதான். நீங்க ஒண்ணுலகூட இல்லையே."

"இதையெல்லாம் எடுத்தது யாரும்மா?"

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். பிறகு உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். "ஐயையோ!"

அக்கா முழங்கத் தயாராகத்தான் இருந்தாள். பெண்ணின் உழைப்பு அடுப்புப் புகையைப் போலக் கூரை வழியே காற்றில் கலந்துவிட வேண்டுமா? உருவாக்குகிறவள் ஒருத்தி, உலகம் வணங்குவது இன்னொருவரையா? இந்த நீதியை வகுத்தவர் யார்? ஆதிக்கமா, அறியாமையா, அடிமைப் பழக்கமா? குற்றவாளிக் கூண்டு தயார். நிறுத்துவதற்கு ஆள்தான் வேண்டும். ஆளைத் தேடித் திரையைப் பார்த்தாள். ஜன்னலோரப் படத்தில் ஒளி தம்பியின் இடக் கன்னத்தில் எவ்வளவு அழகாக வழிகிறது! அந்த ஜன்னல் திரையை விலக்கியது அவள். ஏணியைப் பிடித்துக்கொண்டு ஏறச் சொன்னது அவள். அந்தக் கேமராவை அவன் கையில் திணித்ததும் அவளேதான். திணித்த காரணமும் நினைவுக்கு வந்தது: படம் எடுக்க நிற்கச் சொன்னால் தம்பிக்குத் தன் கைகளை என்ன செய்வதென்று தெரியாது. ஒரு கை சட்டைப் பைக்குள் போகும், மற்றொன்று காதைச் சொறியும். கைகளுக்கு ஒரு வேலை கொடுப்பதற்காகப் பழைய கேமராவை எடுத்து நீட்டினாள். கூண்டுக்குள் எட்டிப் பார்த்தால் அங்கே அவளே நின்றுகொண்டிருந்தாள்.

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், அது மூக்கு வழியாக வந்தது.

"அந்தக் கேமராவில பேட்டரிகூடக் கிடையாதும்மா."

"பேட்டரி இல்லையா?" தம்பி திடுக்கிட்டான். "நான் அதுல ரெண்டு மூணு போட்டோ எடுத்தேனேக்கா!"

"எடுத்தியா? எங்க?"

"அதைத்தான் நானும் ரொம்ப நாளா தேடிக்கிட்டிருக்கேன்."

டிசைனர் பெண் மேசைமேல் கவிழ்ந்து சிரித்தாள். ஆனால் சிரிப்பு அடங்கியபோது தம்பியின் முகம் மாறியிருந்தது. "இருந்தாலும் அக்கா, ஒண்ணு யோசி. ஜனங்க மீசை ஸ்டுடியோன்னுதான் கேட்டுக்கிட்டு வர்றாங்க. சந்துக்குள்ள இருந்தப்பவே தேடி வந்தாங்க. இப்போ போய் அடையாளத்தை மாத்தினா, வேற யாரோ கடைன்னு தாண்டிப் போயிட மாட்டாங்களா? எனக்காகச் சொல்லல."

எனக்காகச் சொல்லவில்லை என்று அவன் சொன்ன விதத்திலேயே அது பாதி அவனுக்காகத்தான் என்பது தெரிந்தது. மறு பாதி உண்மையும்கூட. அக்காவுக்கு அவனிடம் கோபம் வரவில்லை. பலகை செய்பவரிடம் அவளே பேசி, தனக்கு வேண்டியதை வெட்டச் சொல்லலாம், எவரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் பறித்து வாங்கிய பலகையின் கீழே இருவரும் எப்படி நாள்தோறும் சேர்ந்து நிற்பது? அவன் வாயாலேயே சரி என்று வர வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

"உங்க போட்டோ ஒண்ணு குடுங்க அக்கா," என்றாள் டிசைனர் பெண். "வேலை செய்யற மாதிரி இருந்தா நல்லது. வரைஞ்சு பாக்கறேன். பிடிக்கலேன்னா மீசை எங்கயும் ஓடிடாது."

வீட்டிலும் கடையிலும் தேடினால், அடையாள அட்டைக்காகத் தானே தன்னை எடுத்துக்கொண்ட படம் ஒன்றுதான் கிடைத்தது. அதில் அக்கா, வீட்டு வாசலில் திருடனைப் பார்த்தவள் போல விழித்துக்கொண்டிருந்தாள். எனவே மூவரும் டிசைனரின் அறைக்கு எதிர்ச் சாரியில் இருந்த புதிய கடைக்கு நடந்தார்கள். அங்கே சுவர்களில் இன்னும் சுண்ணாம்பு வாசனை. பின்சுவரில் வெள்ளைத் தாள் திரை. நடுவில் விளக்குத் தண்டுகள். தம்பியின் கையில், பேட்டரி உள்ள கேமரா முதன்முறையாக ஏறியது.

"கண்ணை மூடுடா."

"எந்தக் கண்ணை?"

"கேமராவில வைக்காத கண்ணை!"

"ரெண்டும் சேர்ந்துதான் மூடுதுக்கா."

படம் எடுக்கிறவளைப் படம் எடுப்பது எளிதன்று. அக்கா திரைக்கு முன்னால் நின்றாள். உடனே விளக்கு சரியில்லை என்று வந்து திருப்பினாள். மறுபடி நின்றாள், தம்பி கேமராவைப் பிடித்த பிடி சரியில்லை என்று வந்து அவன் முழங்கையை இறுக்கினாள். "சிரி அக்கா" என்று அவன் சொன்னபோது, ஊரையே சிரிக்கவைத்த அந்த வாய்க்குத் தன் அக்காவைச் சிரிக்கவைக்க ஒரு சொல் அகப்படவில்லை. இறுதியில், "விடுடா, உன்னால ஆகாது" என்று அவள் திரும்பிக் குனிந்து விளக்குத் தண்டை நகர்த்தினாள். அந்த நேரத்தில்தான் அவன் விரல் தானாக அழுத்திவிட்டது.

டிசைனரின் அறைக்குத் திரும்பி, எடுத்த படங்களைக் கணினியில் பார்த்தார்கள். ஒன்றில் கூரை. ஒன்றில் அக்காவின் முழங்கை, மிகத் தெளிவாக. ஒன்றில் பேய் ஒன்று கடந்து போயிருந்தது. கடைசிப் படத்தில் மட்டும் எல்லாம் துல்லியமாக இருந்தது: வெள்ளைத் திரைமுன் ஒரு பெண்ணின் முதுகு, கழுத்து, உருண்டைத் தலை, உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டை.

"இருங்க இருங்க. கொண்டையில என்னக்கா அது?" என்றாள் டிசைனர் பெண்.

அக்கா பின்னந்தலையைத் தடவினாள். லென்ஸ் மூடி. வட்டமாக, கறுப்பாக, கொண்டையில் செருகியபடி.

"இதைத்தான் காலையிலேருந்து தேடறேன்!"

"தினமும் அங்கதான் செருகுவே," என்றான் தம்பி. "ரெண்டு கையும் வேலையில இருக்கும்ல. கழட்டுவே, கொண்டையில செருகுவே, அப்புறம் கடையையே புரட்டிப் போடுவே."

"தெரிஞ்சும் சொல்லலையா நீ?"

"தேடறப்போ நீ திட்டறது இருக்கே, அதுக்குன்னே ரெண்டு வாடிக்கையாளர் வர்றாங்க."

டிசைனர் பெண் இதற்குள் பேச்சை விட்டு வரைவதில் இறங்கிவிட்டாள். அவள் கை மட்டும் இயங்கியது. ஒரு பெரிய வட்டம், அது தலை. அதன்மேல் ஒரு சிறிய வட்டம், அது கொண்டையும் லென்ஸ் மூடியும். கீழே கழுத்துக்கும் தோளுக்குமாக ஒரே வளைவு. அவ்வளவுதான். கண்ணில்லை, மூக்கில்லை, கேமராகூட இல்லை. ஆனால் வேலையில் மூழ்கிய ஒருத்தி அங்கே நின்றாள். படத்தின் மூலையில் பொறிக்கிற அளவுக்கு, நகக்கண் அளவுக்கு அதைச் சுருக்கினாள், அப்போதும் அந்த ஒருத்தி அப்படியே நின்றாள். பக்கத்திலேயே மீசையையும் அதே அளவுக்குச் சுருக்கினாள். தம்பி குனிந்து பார்த்து, திரையைச் சுண்டுவிரலால் தட்டினான்.

"இந்த ஈயைத் துரத்தும்மா, மறைக்குது."

"அதுதாண்ணா உங்க மீசை."

தம்பி இரண்டு வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "முகமே இல்லையேக்கா. திரும்பி நிக்கறே."

"கடைக்குள்ள வர்றவங்க முதல்ல பாக்கறது என் முதுகைத்தானேடா. திரும்பறதுக்குள்ள நீ பேச ஆரம்பிச்சிடறே."

குற்றச்சாட்டாக அவள் சொல்லவில்லை. மின்விசிறி சுற்றுகிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். பிறகு அவன் முகத்தில் ஒரு புதிய பிரகாசம் பரவியது. "ஆனா ஒண்ணு! இது நான் எடுத்த போட்டோலேருந்துதானே வந்துச்சு? அப்போ அதைச் சொல்லணும்ல. ஓரமா, சின்னதா, 'படம் எடுத்தது தம்பி'ன்னு போட்டா என்ன? நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

அக்கா அவனைப் பார்த்தாள், புருவம்கூட உயரவில்லை. டிசைனர் பெண் மேசையில் இல்லாத தூசியைத் தட்ட ஆரம்பித்தாள். தம்பி சிரித்தபடியே இருவரையும் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் சிரிப்பு மெதுவாக இறங்கி, மீசைக்குள் எங்கோ மறைந்தது.

"ஒரு போட்டோ," என்றான். "தெரியாம எடுத்த ஒரே ஒரு போட்டோ. அதுக்கே எனக்கு இப்படி இருக்கே…"

கைப்பேசியை எடுத்தான், டிசைனர் பெண்ணிடம் கோப்பை வாங்கினான், கட்டைவிரலால் தட்டினான்.

"பலகைக்காரருக்கு அனுப்பிட்டேன்."

"எதைடா?"

"ஈயை."

அவள் கைப்பேசியைப் பிடுங்கினாள். இரண்டு வட்டங்கள், ஒரு வளைவு. அதன் கீழே, "இதையே வெட்டுங்க, எங்க ரெண்டு பேருக்கும் சம்மதம்" என்று எழுதியிருந்தான். அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே இடத்தைத் தடவியும் கொடுத்தாள்.

பலகை ஏறிய காலையில் சாலையில் சிறு கூட்டம் கூடியது. பூசணிமேல் எலுமிச்சை என்றார் ஒருவர். பம்பரம் என்றார் மற்றொருவர். "கண்ணாடி போட்டுட்டுப் பாருங்கய்யா, அது நம்ம அக்கா!" என்று ஏணிமேலிருந்த பலகைக்காரர் அதட்டினார். அக்கா இதையெல்லாம் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே போய்ப் பார்க்கக் கால் துடித்தது, வெட்கம் விடவில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டி, வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்று, விளக்குத் தண்டைத் தேவையே இல்லாமல் ஏற்றினாள், இறக்கினாள். காலை வெயில் வாசல் வழியே நேராக உள்ளே விழுந்து, தாள் திரையை ஒரு பெரிய மஞ்சள் கட்டமாக்கியிருந்தது. கட்டத்தின் நடுவே தம்பியின் நிழல்.

"மீசை ஸ்டுடியோ இதுதானுங்களா?" வெளியே ஒரு பெண்குரல். "குழந்தைக்கு ஒரு போட்டோ எடுக்கணும். எடுக்கறவர் இருக்காரா?"

வழக்கமாக அந்தக் கேள்வி முடியும் முன்பே தம்பியின் குரல் மாலையாக விழும். அக்கா அதற்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. திரையிலிருந்த நிழல் பக்கவாட்டில் திரும்பியது; மீசையின் நுனி ஒரு கணம் தாளில் கூராகத் தெரிந்தது; பிறகு நிழல் முழுவதும் நகர்ந்து, கட்டத்தின் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டது. காலியான மஞ்சளில் இன்னொரு நிழல் மெல்ல ஏறி வந்தது. தோளில் ஒரு சிறு தலை, அந்தத் தலைக்கு மேலே எதையோ சுட்டுகிற ஒரு குட்டிக் கை. அக்கா கேமராவை எடுத்து லென்ஸ் மூடியைக் கழற்றினாள்.