கத்திரி வெயிலில் மணிப்பூ

வளைகாப்பு முடிந்து குன்னூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டபோது, மருமகள் அபிநயா சரோஜாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது ஒன்றே ஒன்றுதான். வேங்கிக்கால் வீட்டின் பின்பக்கம், கல் இடுக்குகளில் பாய் விரித்தாற்போல் தரையோடு படர்ந்திருந்த மணிப்பூச்செடி. அங்கிருந்து வேரோடு கொண்டுவந்து நட்டது. மாசி மாதம் முழுக்க ஊதா நிறத்தில் குட்டிக் குட்டி மணிகளாகப் பூத்திருந்தது.

"வெயில்தான் இதுக்கு ஆகாது அத்தை. பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினாள்.

கத்திரி தொடங்கிய நாலாம் நாளே இலைகளின் ஓரம் கருகியது. மகன் கல்யாணம் முடிந்து ஒன்றரை வருஷம். இப்போதுதான் அந்தப் பெண் வாய் நிறைய 'அத்தை' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். சரோஜா பச்சை வலை வாங்கி நிழலுக்குக் கட்டினாள். காலை, மதியம், சாயங்காலம் என்று குடம் குடமாக ஊற்றினாள். இலைகள் மஞ்சளித்து, கொழகொழவென்று தரையில் ஒட்டிக்கொண்டன.

"தண்ணி ஜாஸ்தியாயிடுச்சோ என்னவோ," என்றார் கணவர் ராஜேந்திரன்.

"நீங்க வேற பயமுறுத்தாதீங்க."

தினமும் சாயங்காலம் அபிநயா போன் செய்வாள். மணிப்பூவை விசாரிக்காமல் வைக்கமாட்டாள். "நல்லாத்தாம்மா இருக்குது" என்று சொன்ன கையோடு, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிடுவாள் சரோஜா. நிறைமாசக்காரியிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது?

ஒருநாள் வீடியோ காலே வந்துவிட்டது.

"செடியைக் காட்டுங்க அத்தை."

சரோஜா பின்பக்கம் நடந்தாள். போனைச் செடிப்பக்கம் திருப்பிப் பிடித்தாள். "பொய் சொல்லிட்டேன் அபி. நானே தண்ணி ஊத்தி ஊத்திக் கெடுத்துட்டேன்."



"இதுக்கா பத்து நாளா போனை அவசர அவசரமா வெச்சீங்க? என்மேல ஏதோ கோவம்னு நான் பயந்துட்டிருந்தேன்." அபிநயாவின் குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அழுகினதெல்லாம் தரையோட வெட்டிடுங்க. தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி போதும்," என்றாள்.

வெட்டி முடித்தபோது கல்லும் மண்ணும்தான் மிஞ்சின. விடிந்ததும் விடியாததுமாகப் போய்க் குனிந்து பார்ப்பாள் சரோஜா. சொம்பை எடுத்த கையைப் பாதியில் இழுத்துக்கொள்வாள்.

பேத்தி பிறந்து ஒரு வாரம் கழித்து, தண்ணீர்த்தொட்டி நிழலில் இரண்டு கல் இடுக்கில் மட்டும் பச்சை தெரிந்தது. மற்ற இடத்தில் போனது போனதுதான்.

அன்றைக்குச் சரோஜாதான் முதலில் போன் செய்தாள்.