பேய் இல்லாத மூலை

தீப்தி எடுத்த பேய்ப்படம் ஒன்பது நிமிடம் ஓடும். நாகமலை புதுக்கோட்டைக் கல்லூரியில் விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், கடைசி வருடம் படிக்கும்போது, வகுப்பு நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு எடுத்தது. வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு உள்ளறையில் ஏதோ சத்தம் கேட்கிறது. கதவைத் திறந்து பார்க்கிறாள். மூலையில் பேய் நிற்கிறது. அவ்வளவுதான் கதை. பேயாக நடித்தவள் தீப்தியின் நெருங்கிய தோழி முனீஸ்வரி. படப்பிடிப்பும் கொட்டாம்பட்டிப் பக்கம் அவளுடைய ஊரில்தான். கடலை மூட்டைகளைப் போட்டு வைக்க அவள் வீட்டார் வைத்திருந்த பழைய ஓட்டு வீடு, பேய்க்கென்றே கட்டியது மாதிரி இருந்தது.

முதல் தடவை படத்தைக் கல்லூரி அரங்கில் ஒரு மத்தியானம் போட்டார்கள். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மறைத்திருந்தார்கள். தீப்தி திரையைப் பார்க்கவில்லை. எடிட்டிங்கில் பார்த்துப் பார்த்து அவளுக்கு அது சலித்துப்போயிருந்தது. திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, கூட்டத்தைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

தொடக்கத்தில் செல்போன் வெளிச்சங்கள் அங்கங்கே மினுங்கின. பிறகு ஒவ்வொன்றாக அணைந்தன. கதாநாயகியின் கை தாழ்ப்பாளை நோக்கிப் போனபோது அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டது. முன்வரிசைப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் துப்பட்டாவைக் கொத்தாகப் பிடித்தாள். இத்தனை பேரையும் நாமா பிடித்து நிறுத்தியிருக்கிறோம் என்று தீப்தியால் நம்ப முடியவில்லை.

அப்போது பேய் வந்தது. யாரோ ஒருவன் விசில் அடித்தான். அரங்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

படம் முடிந்ததும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மேக்கப் கோலமாவு மாதிரி இருக்கிறது, மியூசிக் காதை அடைக்கிறது என்றார்கள். தீப்தி தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பின்வரிசையிலிருந்து சாய்ராம் என்ற ஜூனியர் எழுந்தான்.

"அக்கா, பேய் வர்ற வரைக்கும் செம பயமா இருந்துச்சு. பேய் வந்ததும் பயம் போயிருச்சு."

மறுபடியும் சிரிப்பு. தீப்தியும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது அழுகை முட்டியது. வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டின் முன் உட்கார்ந்தும் அந்தப் பையன் சொன்னதே காதில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கிண்டல் பண்ணவில்லை, உள்ளதைச் சொல்லியிருக்கிறான் என்பது மெல்ல மெல்லத்தான் உறைத்தது.

அடுத்த நாள் கேமரா பிடித்த அருள்பாண்டியுடன் உட்கார்ந்து, எடுத்த எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். முனீஸ்வரி மேக்கப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வெளிச்சம் சரிபார்க்க வெறும் மூலையை அவன் எடுத்து வைத்திருந்தான். அடுக்கிய சாக்குகள், ஓட்டு இடுக்கில் வழியும் கொஞ்சம் வெளிச்சம், சாக்குகளுக்குப் பின்னால் இருட்டு. பேய் வரும் காட்சியை நீக்கிவிட்டு அதை அந்த இடத்தில் வைத்தார்கள். மியூசிக்கையும் நிறுத்தினார்கள்.

முனீஸ்வரியிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. கேன்டீனில் டீ குடிக்கும்போது தீப்தி விஷயத்தைச் சொன்னாள். கேட்டதும் முனீஸ்வரி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்ப அம்புட்டு நேரம் அந்த வெக்கையில மாவப் பூசிக்கிட்டு நான் எதுக்குடி நின்னேன்?"

"முனி, நீ நல்லாத்தான் நடிச்ச. பேயைக் காட்டுனதுதான் தப்பு."

"ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல போட்டுக் காட்டுறதா சொல்லிட்டு வந்திருக்கேன். எங்கம்மா ஊரையே கூட்டி வச்சிருக்கு. எங்கடி உன் பொண்ணுன்னு கேட்டா அது எதைக் காட்டும்?"

"ரெண்டு படத்தையும் எடுத்துட்டு வாரேன். எதைப் போடணும்னு நீயே சொல்லு" என்றாள் தீப்தி.

ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சமுதாயக் கூடத்தின் ஜன்னல்களில் தார்ப்பாய் தொங்கியது. உள்ளே உட்கார இடமில்லை. முனீஸ்வரியின் அம்மா ஜெயக்கொடி கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களிடமெல்லாம், "எம்மகதான் பேயி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முனீஸ்வரி லேப்டாப் முன்னால் குனிந்தாள். அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"புதுசுல நெசமாவே பயம் வருமா?"

"தெரியலடி. இன்னும் யாரும் பாக்கல."

"அப்ப எங்க ஊரே மொதல்ல பாக்கட்டும்" என்று சொல்லிப் புதியதை ஓடவிட்டாள்.

தீப்தி இந்தத் தடவையும் கூட்டத்தைப் பார்த்தே நின்றாள். "ஏய், நம்ம கடலை வீடு!" "அந்தா மொக்கையன் சைக்கிளு!" என்று ஒரே சத்தம். முனீஸ்வரியின் அப்பா மொக்கையன் வெட்கத்தோடு சிரித்தார். பிறகு பேச்சு குறைந்தது. கதவு திறந்தபோது விசிறிகளின் சத்தம் மட்டும்தான் கேட்டது. மூலை வந்தது. சாக்குகள். இருட்டு. "யாரு?" என்றாள் கதாநாயகி.

"அந்தா... அந்தா நிக்கிறா!" என்று ஒரு பெண் வீறிட்டாள்.

கூடம் முழுக்கப் பின்னால் சாய்ந்தது. ஒருவர் மடியில் ஒருவர் விழுந்தார்கள். திரை கறுத்தது.

விளக்கு போட்டதும் ஜெயக்கொடி எழுந்து வந்து மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"பெத்தவளுக்கே ஈரக்குலை நடுங்கிருச்சேடி! என்னமா நடிச்சிருக்க!"

"சாக்குக்குப் பின்னாடி ஒத்தக் கண்ணு மட்டும் தெரிஞ்சுச்சு பாரு, அப்பவே எனக்கு வேர்த்துருச்சு" என்றார் மொக்கையன்.

"கண்ணா? அவ அங்கிட்டுத் திரும்பில்ல நின்னா! முடியத் தரை வரைக்கும் விரிச்சுப் போட்டிருந்தா" என்றாள் முனீஸ்வரியின் அத்தை கனகா.

"நிக்கவா செஞ்சா? குத்தவச்சு உக்காந்திருந்தா. நல்லாப் பாத்தேன்" என்று இன்னொருவர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். சண்டையே வந்துவிடும் போலிருந்தது.

முனீஸ்வரி தீப்தியைச் சுவரோரமாக இழுத்தாள். "எங்கயாச்சும் என்னைய விட்டு வச்சிருக்கியாடி?"

இருவரும் லேப்டாப்பில் அந்த இடத்தை மெதுவாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள். சாக்கு இருந்தது, சுவர் இருந்தது, இருட்டு இருந்தது. முனீஸ்வரியின் சேலை நுனிகூட இல்லை. தீப்திக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வெளிச்சமும் சத்தமும் தன் கையில் இருப்பதாகத்தான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். அவள் வெறும் மூலையைக் காட்டியிருக்கிறாள். கண்ணும் முடியும் இந்த ஜனங்கள் கொடுத்தவை. அவர்களைப் பார்க்கவே அவளுக்குப் பிரமிப்பாக இருந்தது.

"சொல்லிருவமா, முனி?"

முனீஸ்வரி கூட்டத்தைப் பார்த்தாள். அங்கே அவளைப் பற்றித்தான் இன்னும் பேச்சு.

"இருக்கட்டும்டி. நீ மொதல்ல எடுத்ததுல நான் ஒருத்திதான இருந்தேன். இங்க ஆளுக்கு ஒரு முனீஸ்வரியப் பாத்திருக்காக."

"இன்னொருக்கா போடுத்தா!" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. சற்று முன் அலறியவளும் சேர்ந்துதான் கேட்டாள்.

விளக்கை அணைத்தார்கள். இந்தத் தடவை தீப்தி ஓரமாக நிற்கவில்லை. ஜெயக்கொடிக்கும் கனகாவுக்கும் நடுவில் தரையில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். கதவு திறந்தது. இரண்டு பக்கத்துத் தோள்களும் இறுகியதை அவள் தோள் உணர்ந்தது. அங்கே ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மூலை வந்ததும் அவள் கண், சாக்குகளுக்குப் பின்னாலிருந்த இருட்டைத் துழாவத் தொடங்கியது. மூச்சு நின்றுபோனது. அவள் ஜெயக்கொடியின் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.